பெரியாழ்வார் உரைத்த பெயர்ச் சிறப்பு

கான்சாபுரம், கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய ஊர்களிலிருந்து பச்சிளங்குழந்தையுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பெற்றோர், பிள்ளைக்கு என்ன பெயர் சூட்டலாம் என்று சந்நிதியில் கேட்பதுண்டு. இவ்வினாவிற்கு இத்தலத்திலேயே வாழ்ந்த பெரியாழ்வார் விடை அருளியுள்ளார்.

தமது திருமொழியின் நான்காம் பத்தில், ஆறாம் திருமொழியின் 10 பாசுரங்களையும் அவர் பெயரிடுதல் பற்றியே அருளிச்செய்தார். காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தமை அவற்றால் விளங்குகிறது. அதனைக் கடிந்து, கேசவன், சிரீதரன், கோவிந்தன், தாமோதரன் என எம்பெருமான் திருநாமங்களையே இடுமாறு அறிவுறுத்துகிறார். இரந்துண்ண நேரினும் இதனைக் கைவிடலாகாது என்பது அவர் துணிபு.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது, பலன் தாய்க்கு உரியதாகக் கூறப்பட்டிருப்பதாகும். திருநாமம் பெற்ற பிள்ளையின் தாயை நரகம் அணுகாது என்கிறார். நாள்தோறும் பலமுறை பிள்ளையை அழைப்பவள் அவளே அன்றோ! உண்ண அழைக்கும்போதும், உறங்கச் செய்யும்போதும், சினந்து கடியும்போதுங்கூட அவள் நாவில் நாமம் பயில்கிறது. பாகவதத்தின் 6ஆம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன், இறுதி வேளையில் தன் இளைய மகனைத்தான் 'நாராயணா' என்றழைத்தான்; அதுவே அவனை உய்வித்தது.

தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்' எனப்பட்டான். பேரன் என்பது அதன் மரூஉ. ஆயின் இங்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. மாமனார் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பது பழைய வழக்கம். எனவே ரெங்கமன்னார் என்று பாட்டன் பெயரை மகனுக்கு இட்டுவிட்டு, 'ராசா' என்றோ 'தம்பி' என்றோ தாய் அழைத்து வந்தாள். இன்று அக்கட்டுப்பாடு தளர்ந்துள்ளது; எனினும் சான்றிதழில் ஒரு பெயரும், வீட்டில் பொருளற்ற வேறொரு செல்லப்பெயருமாக வழங்கும் பிள்ளைகள் பலர். ஆழ்வார் கூறும் பலன் பெயரைப் பதிவதால் வருவதன்று, வாயார அழைப்பதால் வருவது.

துளசி வனத்தில் கண்டெடுத்த பெண்மகவுக்கு ஆழ்வார் இட்ட பெயரோ கோதை. அது எம்பெருமான் திருநாமம் அன்றே எனச் சிலர் வினவலாம். கோதை என்றால் மாலை. நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்துச் சாற்றுவதையே வாழ்வாகக் கொண்ட தந்தை, தம் கைங்கரியத்தையே மகளுக்குப் பெயராக்கினார். அம்மகளும் திருப்பாவையின் நிறைவுப் பாசுரத்தில், தந்தையின் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்து, பட்டர்பிரான் கோதை என்றே தம்மைக் குறிப்பிடுகின்றார்.