துப்பாக்கிக் குழலின் உட்புறம்

ரைஃபிள் துப்பாக்கியின் குறி தவறாமைக்கு முதல் ஆதாரம், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் குழலின் உட்சுவர். அச்சுவரில் சுருள் சுருளாக வெட்டிய பள்ளங்களும், அவற்றினிடையே உயர்ந்து நிற்கும் மேடுகளும் நெடுகிலும் ஓடுகின்றன. வெடிமருந்தின் வேகத்தால் உந்தப்படும் ரவை அம்மேடுகளின் பிடியில் அகப்பட்டுச் சுழன்றவாறே வெளிப்படுவதனால்தான் காற்றில் தடுமாறாமல் நேரே செல்கிறது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே நம் தேசத்துக்கு வெண்கலப் பதக்கம் ஈட்டித் தந்தாரே, அந்த 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ரவையின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். இத்தனை சூக்ஷ்மமான காரியத்தில், குழலுக்குள் படிந்த அழுக்கு அற்பமானதென்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

ஆயினும் அந்த அழுக்கைப் பற்றிய நம் அறிவு வெகு காலம் வரை அனுமானமாகவே இருந்து வந்தது. பூட்டைக் கழற்றிவிட்டு, குழலின் முனையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்புறமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். சாய்ந்து விழும் ஒளியில் எந்த உலோகப் பரப்பும் பளபளப்பாகவே தோன்றுமாதலால், கரியும் செம்பும் படிந்த குழல்கூடச் சுத்தமானதாகவே காட்சியளிக்கும். வேறொரு சோதனையும் உண்டு. வேகமிக்க ரவைகளின் செப்புக் கவசம் சுவரில் உராய்ந்து விட்டுச் செல்லும் செம்பை அம்மோனியா கலந்த திரவம் கரைக்கும். அப்போது துடைக்கும் துணி நீலநிறம் பெறும். நீலம் மறையும்வரை துடைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் துணியைத் தாங்கிச் செல்லும் கம்பியின் நுனி பித்தளையாக இருந்தால், அந்தப் பித்தளையிலுள்ள செம்பே திரவத்தில் கரைந்து துணியை நீலமாக்கிவிடும்! குழலில் செம்பின் சுவடே இல்லாதபோதும், இருப்பதாக நம்பி, மீண்டும் மீண்டும் கம்பியை ஓட்டிக் குழலைத் தேய்த்தவர்கள் அநேகர்.

இந்த அனுமானத்தைப் பிரத்தியட்சமாக்கியது போர்ஸ்கோப் என்னும் உபகரணம். இதன் பூர்வீகம் வைத்தியசாலை. 1879-இல் வியன்னா நகரில் மாக்ஸிமிலியன் நிட்ஸே என்ற மருத்துவர், விளக்கும் கண்ணாடி வில்லைகளும் பொருந்திய மெல்லிய குழாயொன்றால் மூத்திரப்பையின் உட்புறத்தைக் காணும் வழியை வெளியிட்டார். 1921-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிராம்ப்டன் அதே தத்துவத்தைக் கொண்டு நீராவி டர்பைனின் உட்புறத்தைச் சோதிக்கும் கருவி செய்தார். 1954-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியே பிம்பத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்று நிரூபித்தனர். இன்றோ, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கம்பியின் நுனியில் சிறு காமிராவும் விளக்கும் சாய்ந்த கண்ணாடியும் அமைந்து, பக்கவாட்டுச் சுவரை நேருக்கு நேராகத் திரையில் காட்டுகின்றன.

அப்படிக் காணும்போது உட்சுவர் ஒரு தனி உலகமாக விரிகிறது. தோட்டா அறை முடிந்து பள்ளங்கள் தொடங்கும் கழுத்துப் பகுதியே முதலில் பார்க்கத்தக்கது. வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். பல நூறு குண்டுகள் சுட்ட குழலில் அவ்விடத்து எஃகு, கோடையில் வறண்ட ஏரியின் அடிநிலத்தைப் போல வலைவலையாக வெடித்திருக்கும். இது தேய்மானமேயன்றி அழுக்கன்று, எந்தத் திரவத்தாலும் இது நீங்காது. அதற்குச் சற்றுப் பின்னே, தோட்டாக் கூட்டின் வாய் முடியும் இடத்தில், கரி இறுகிக் கறுத்த வளையமாகப் படிந்திருக்கும். கவசமில்லாத ஈய ரவையைச் சுடும் .22 துப்பாக்கியில் இந்த வளையம் விசேஷமாகத் தொல்லை தரும். சாதாரணத் துடைப்புக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. மேலே செல்லச் செல்ல, மேடுகளின் மீது செம்பு ஆரஞ்சு நிறக் கீற்றுகளாகவும், ஈயம் மங்கிய சாம்பல் நிறத் திட்டுகளாகவும், துரு செந்நிறப் புள்ளிகளாகவும், அது அரித்த குழிகள் கரிய புள்ளிகளாகவும் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு: செம்புக்கு அம்மோனியா, கரிக்கு அதனைக் கரைக்கும் திரவமும் வெண்கல பிரஷும், ஈயத்துக்கு பிரஷின் உழைப்பு. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்திடுவது வீண் என்பதை இக்கருவி கண்முன் காட்டுகிறது.

சோதிக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு பூட்டைக் கழற்றுவது முதற்காரியம். திரவ ஈரம் இருக்கும்போது காமிராவை நுழைத்தால் நுனிக் கண்ணாடி கெட்டுவிடும். ஆதலால் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே நுழைக்க வேண்டும். துடைக்கும் கம்பியைக் கூடியவரை பின்புறமிருந்தே செலுத்துவது நலம். ரவை இறுதியாக விடைபெறும் முனை விளிம்பு ஒருபுறம் தேய்ந்தால், அதன்பின் மற்றெல்லாம் செம்மையாக இருந்தும் பயனில்லை. கம்பி வளையாமல் செல்ல, பின்புறத்தில் வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சிறிது துடைத்துப் பார்ப்பது, மறுபடி துடைத்துப் பார்ப்பது என்ற நிதானமே இதில் பிரதானம்.

இக்கருவியால் விளையும் ஓர் அபாயத்தையும் நான் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். பெருக்கிக் காட்டும் காமிராவின் முன் புதுக்குழலும் விகாரமாகவே தோன்றும்; கடைசலின்போது கருவி விட்ட மெல்லிய வரிகள் பெரும் பள்ளங்களாகக் காட்சியளித்து, வாங்கியவரைத் திகிலடையச் செய்யும். அத்தகைய வரிகளுள்ள குழல்கள் அபாரமாகச் சுடுவதும் உண்டு. அவற்றை அழிக்க எண்ணி, தேய்ப்புக் களிம்பு தடவி அரைப்பவர் நல்ல குழலைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். குழலின் யோக்கியதைக்கு இறுதித் தீர்ப்புக் கூறுவது இலக்குத்தாளே. அதில் துளைகள் ஒன்றையொன்று நெருங்கி விழுகின்றவரையில் வழக்கமான துடைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை காரணமின்றிச் சிதறத் தொடங்கினால், கம்பியைக் கையில் எடுக்குமுன் போர்ஸ்கோப்பை உள்ளே செலுத்திப் பாருங்கள்.