மதுவிலிருந்து மீள்தல்: ஷரீஅத்தும் மருத்துவமும்

தீமைகளின் தாய் என்னும் பொருளில் மதுவை 'உம்முல் கபாயிஸ்' என்று நம் முன்னோர் அழைத்தனர். அதன் கேடுகள் குறித்து நம் மிம்பர்களில் பேசப்படாத ஆண்டில்லை. ஆயினும், குடியில் ஊறிய ஒருவர் தவ்பாச் செய்து அதனை விட முன்வரும்போது அவருடைய உடலில் என்ன நிகழ்கிறது, அவ்வேளையில் ஜமாஅத்தின் கடமை என்ன என்பன பற்றி நாம் பேசுவது அரிது. இந்த அறியாமை ஓர் உயிரையே பறித்துவிடக்கூடும் என்பதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் பிறை கண்ட இரவில் நடுத்தர வயதினர் ஒருவர் என்னிடம் வந்து, அன்றோடு குடியை விட்டுவிட்டதாகக் கூறி அழுதார். துஆச் செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சென்று பார்த்தபோது கைகால் நடுங்க, வியர்வையில் நனைந்தவராய், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜின்னின் தீண்டல் என்றே வீட்டார் கருதினர். நானும் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தேன். அங்கிருந்த முதிய மருந்தாளுநர் ஒருவர்தாம், "ஓதுவதை வழியில் ஓதிக்கொள்ளலாம் ஹஜ்ரத், முதலில் வண்டியை வரச் சொல்லுங்கள்" என்றார். அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்தார். என் அன்றைய தாமதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உடலில் நிகழ்வது

மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் செயலை மது மிகுவிக்கிறது. கிளர்ச்சியூட்டும் 'குளூட்டமேட்'டின் செயலை அடக்குகிறது. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, இந்த அழுத்தத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் அழுத்தம் நீங்கிவிடுகிறது; கிளர்ச்சியோ கட்டின்றி மேலெழுகிறது.

இறுதியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்திற்குப் பின் நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். 48 முதல் 96 மணி நேரத்திற்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்னும் கடுமையான சித்தப்பிரமை ஏற்படும். மனக்குழப்பம், மாயக் காட்சிகள், காய்ச்சல், இதயப் படபடப்பு ஆகியன அதன் அறிகுறிகள். உரிய மருத்துவம் இன்றேல் இது மரணத்தில் முடியலாம். எல்லாருக்கும் இந்நிலை வருவதில்லை. ஆனால் முன்பு வலிப்பு வந்தவர்களும், பல முறை விட்டு மீண்டும் தொடங்கியவர்களும் கூடுதலான அபாயத்தில் உள்ளனர்.

ஆகவே, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் விட முன்வந்தால் முதலில் மருத்துவரைக் காணச் செய்வதே முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ரமளானாயின், நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்குர்ஆன் (2:184, 185) அளித்துள்ள சலுகையை அவருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஸஹாபாக்கள் ஒரே நாளில் விட்டார்களே?

இவ்வாறு சிலர் வினவுவர். தடை அறிவிக்கப்பட்டதும் மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டதை அனஸ் (ரலி) அறிவித்துள்ளது உண்மையே. ஆனால் அந்த நாளுக்கு முன்னே நெடிய பயிற்சி இருந்தது. முதலில் மதுவில் பயனைவிடப் பாவமே பெரிதென உணர்த்தப்பட்டது (2:219). அடுத்து, போதையில் தொழுகையை நெருங்கலாகாது என்று விலக்கப்பட்டது (4:43). ஐவேளைத் தொழுகையாளிக்குப் பகலில் குடிக்க இடைவெளியே இல்லாமற் போயிற்று. அதன் பின்னரே முழுத் தடை வந்தது (5:90, 91). முதலிலேயே மதுவை விடுங்கள் என்று இறங்கியிருப்பின் மக்கள் மறுத்திருப்பர் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) கூறியதை புகாரீயில் காண்கிறோம். மேலும், அனஸ் (ரலி) ஊற்றிக் கொடுத்தது பேரீச்சங்காயை ஊறவைத்துப் புளிக்கச் செய்த 'ஃபளீக்'. இன்று கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த சரக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கும் மேல் சாராயம் உள்ளது. இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

அப்படியாயின், இன்றும் சிறிது சிறிதாகக் குடித்துக் குறைக்கலாமா? கூடாது. படிப்படியாக வந்தது சட்டம், அது நிறைவுற்றுவிட்டது. மது மருந்தன்று, நோயே என நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திய செய்தி முஸ்லிமில் உள்ளது. ஆனால் அந்தப் படிமுறையின் ஹிக்மத்தை மருத்துவம் வேறு வழியில் நிறைவேற்றுகிறது. டயஸெபாம், லோராஸெபாம் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்து, சில நாட்களில் அளவைக் குறைத்து நிறுத்துகின்றனர். மூளையைக் காக்கத் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கின்றனர். போதைக்காக அன்றி, உயிர்காக்கும் சிகிச்சையாக இவற்றை உட்கொள்வதைத் தவ்பாவுக்கு முரணெனக் கருதலாகாது.

வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை

டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அதை உண்டவர் மது அருந்தினால் உடல் கடுமையாகச் சீறும். இரத்த அழுத்தம் சரியும். கணவரைத் திருத்தும் ஆவலில் இதனைச் சோற்றில் இரகசியமாகக் கலந்து கொடுப்போர் உளர். இது உயிருக்கே உலை வைக்கும் செயல். அறிந்து, இசைந்து, மருத்துவர் சொற்படி உண்பவருக்கே இது உதவும். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன.

வழுக்கி விழுந்தால்

நடுக்கம் சில நாட்களில் அடங்கும். உறக்கக் குறைவும் மனச்சோர்வும் வேட்கையும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். சிலர் மீண்டும் விழுவர். அப்போது நாம் ஏசுகிறோம். பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் மறுக்கிறோம். அவரோ, குடித்தவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீஸைத் தவறாக விளங்கித் தொழுகையையும் விட்டுவிடுகிறார். நற்கூலி தடைபடுவதையே அது குறிக்கும், கடமை நீங்காது, தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏற்கிறான் என்று அந்த ஹதீஸே தொடர்கிறது.

குடிக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். ஷாம் தேசத்தில் குடியில் வீழ்ந்த தம் நண்பருக்கு உமர் (ரலி) கடிதம் எழுதினார்கள். அதில் ஸூரத்து ஃகாஃபிரின் தொடக்க வசனங்களை வரைந்து, அவருக்காகத் துஆச் செய்யுமாறு தோழர்களையும் பணித்தார்கள். அவர் அழுது திருந்தினார் என இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார். வழுக்கியவரைத் தூக்கி நிறுத்துங்கள், அவருக்கெதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்பதே உமர் (ரலி) அன்று கற்பித்த பாடம்.

இன்று அக்கடிதத்தின் இடத்தில் நம் ஜமாஅத் என்ன அனுப்பப் போகிறது? ஊர்விலக்கு ஓலையா, மருத்துவமனைக்கு உடன் செல்லும் ஓர் ஆளா? நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் அடுத்த ரமளானுக்கு முன் இதற்கு விடை காண வேண்டும்.