எஸ்ஆர்-2 இருசெயலித் தாய்ப்பலகையும் ஆர்வலர் எதிர்பார்ப்பும்

ஈவிஜிஏ எஸ்ஆர்-2 என்பது இரண்டு செயலிகளைப் பொருத்தக்கூடிய கணினித் தாய்ப்பலகை ஆகும். இதன் முன்மாதிரி 2010 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுவியல் கண்காட்சியில் டபிள்யூ555 என்ற குறிப்பெயருடன் காட்டப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 600 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. வெளிவரும் முன்பே கணினி ஆர்வலரிடையே எதிர்பார்ப்பையும் ஐயத்தையும் எழுப்பிய பலகை இது.

எதிர்பார்ப்பின் காரணம்

இருசெயலிப் பலகைகள் பெரும்பாலும் வழங்கிக் கணினிகளுக்காகவே செய்யப்படுகின்றன. அவற்றில் நிலைத்தன்மையே முதன்மை. செயலியின் வேகத்தைக் கூட்ட வழி இராது. எஸ்ஆர்-2 அந்த வழியைத் திறந்தது.

செயலியின் வேகம் என்பது அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கு எண்ணால் பெருக்கக் கிடைப்பது. சியான் எக்ஸ்5650 செயலியில் அடிப்படை வேகம் 133 மெகாஹெர்ட்ஸ், பெருக்கு எண் 20. ஆகவே அதன் வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகத்தை 200 ஆக உயர்த்தினால் 4 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இவ்வாறு வேகம் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. ஆறு கருக்கள் கொண்ட இரு செயலிகளைப் பொருத்தினால் மொத்தம் 12 கருக்கள். 12 நினைவகச் செருகுவாய்களும், வரைகலை அட்டைகளுக்கான 7 நீண்ட செருகுவாய்களும் இதில் இருந்தன.

ஐயங்கள்

வழக்கமான ஏடிஎக்ஸ் பலகையின் அளவு 305 × 244 மில்லிமீட்டர். எஸ்ஆர்-2 பலகையோ 381 × 345 மில்லிமீட்டர். எனவே சாதாரணக் கணினிப் பெட்டியில் இது அடங்காது. ஒற்றைச் செயலிக்கான கோர் ஐ7 வகையை இரண்டாக இணைக்க முடியாது. செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கூடுதல் இணைப்பு கொண்ட, விலை மிகுந்த சியான் வகையே தேவை. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் பதிப்பு ஒரு செயலியை மட்டுமே பயன்படுத்தும். இரண்டுக்கு புரொஃபெஷனல் பதிப்பு வேண்டும்.

இவற்றினும் பெரிய கேள்வி பயன் பற்றியது. 60 நிமிட வேலையொன்றில் 30 நிமிடப் பகுதியை மட்டுமே கருக்களுக்குப் பகிர்ந்தளிக்க முடியும் எனக் கொள்வோம். 12 கருக்கள் இருந்தாலும் 30 நிமிடமும், பகிர்ந்த பகுதிக்கு 2.5 நிமிடமும் ஆகும். வேகம் இரு மடங்கைக்கூட எட்டாது. 1967 இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த கருத்து இதுவே. அக்கால விளையாட்டுகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முப்பரிமாணப் படமாக்கம், ஃபோல்டிங் அட் ஹோம் புரதக் கணிப்பு போன்ற, பெரிதும் பகிரத்தக்க பணிகளில் 12 கருக்களும் பயன் தந்தன.

பிந்தைய நிலை

2012 இல் வந்த எஸ்ஆர்-எக்ஸ் பலகையில் இந்தச் சுதந்திரம் தொடரவில்லை. அதற்குரிய சியான் ஈ5 செயலிகளில் பெருக்கு எண் பூட்டப்பட்டிருந்தது. அடிப்படை வேகத்தையும் சிறிதளவே உயர்த்த முடிந்தது. பலகை எவ்வளவு திறமையாக வடிவமைக்கப்பட்டாலும், செயலி இடந்தரும் அளவுக்கே அதனால் வேகம் கூட்ட இயலும் என்பதை இது காட்டியது.