‘இன்னும் ஒண்ணும் ஆகலையே’: சாப்பிடுற கஞ்சா ஏன் லேட்டா ஏறுது?

இந்த எபிசோட் கஞ்சா பத்தி. புகைக்கிறது இல்ல, சாப்பிடுறது. பிரவுனி, குக்கீ, பாங் தண்டாய், இந்த வகையறா. டொரண்டோவுல இருந்து கேக்குறவங்களுக்கு இது கடையில கிடைக்கிற பொருள். சென்னையில இருந்து கேக்குறவங்களுக்கு இது போலீஸ் கேஸ். ஆனா ரெண்டு ஊர்லயும் நான் கேக்குற டயலாக் ஒண்ணுதான்: “புகைதான்டா கெடுதல், சாப்பிட்டா மைல்டா இருக்கும்.” நுரையீரலுக்கு வேணும்னா அது சரி. மூளைக்கு அப்படி இல்ல.

முதல்ல செடியைப் பார்ப்போம். பச்சைச் செடியில இருக்கிறது பெரும்பாலும் டி.எச்.சி. இல்ல, அதோட அமில வடிவமான டி.எச்.சி.ஏ. அதுக்குப் போதை கிடையாது. சூடு பட்டா அதுல இருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு போகும். மிச்சம் இருக்கிறதுதான் போதை தர்ற டி.எச்.சி. பத்த வைக்கும்போது இது நொடியில நடந்துடும். சமையல்ல அடுப்பு அந்த வேலையைச் செய்யுது. இன்னொண்ணு, டி.எச்.சி. தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். வெளிநாட்டுல வெண்ணெய், வட இந்தியாவுல பால், நெய்னு போறதுக்குக் காரணம் அதுதான். 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் டி.எச்.சி.யைத் தனியாப் பிரிச்சு, அதோட அமைப்பைச் சொன்னாங்க. பாங் அரைச்சவங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே பாலைச் சேர்த்துட்டாங்க.

இப்போ உடம்புக்குள்ள வருவோம். புகைச்சா டி.எச்.சி. நுரையீரல் வழியா சில நிமிஷத்துல மூளைக்குப் போயிடும். போதும்னு தோணினா நிறுத்திக்கலாம். சாப்பிட்டா அது வயிறு, குடல், கல்லீரல்னு சுத்திப் போகுது. கல்லீரல் அதுல ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி.ன்னு வேற பொருளா மாத்துது. அதுவும் போதை தரும், மூளைக்குள்ள சுலபமா நுழையும். அதனால சாப்பிட்டது ஏற ஆரம்பிக்கவே அரை மணியில இருந்து 2 மணி நேரம் ஆகலாம். உச்சத்துக்குப் போக 4 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். 12 மணி நேரம் நீடிக்கலாம், மந்தம் மறுநாள் வரைக்கும்கூட இருக்கலாம்.

ஆபத்து அந்த முதல் 2 மணி நேரத்துலதான். ஒரு துண்டு சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் தெரியல. “டூப்ளிகேட் போல”ன்னு இன்னொரு துண்டு எடுப்பாங்க. அப்புறம் ரெண்டும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2014 ஜனவரி 1ல கஞ்சா கடைகளைத் திறந்தது. அந்த மார்ச்ல 19 வயசு மாணவர் ஒருத்தர் ஒரு குக்கீயில கடைக்காரர் சொன்னபடி ஒரு சின்னத் துண்டு மட்டும் சாப்பிட்டார். அரை மணி, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் தெரியாததால மிச்சத்தையும் சாப்பிட்டுட்டார். முழு குக்கீயில 65 மில்லிகிராம் டி.எச்.சி., அதாவது ஆறரைப் பேருக்கான அளவு. பேச்சு தடுமாறி, நடத்தை மாறி, கடைசியில நாலாவது மாடி பால்கனியில இருந்து விழுந்து இறந்துட்டார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தோட 2015 அறிக்கையில இது பதிவாகியிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலும் பயங்கர பதற்றம், வாந்தி, படபடப்போட முடியும். ஆனா அவர் போட்ட கணக்கைத்தான் எல்லாரும் போடுறாங்க.

கனடா 2019ல ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம்னு வரம்பு வெச்சது. புதுசா எடுக்கிறவங்க 2.5 மில்லிகிராம் அல்லது அதுக்கும் கீழே ஆரம்பிக்கணும்னு அந்நாட்டு சுகாதாரத் துறை சொல்லுது.

வீட்டுச் சமையல்ல இந்த வரம்பு எதுவும் இல்ல. ஒரு கணக்கு பாருங்க. 20 சதவீதம் டி.எச்.சி. இருக்கிற பூ ஒரு கிராம்ல 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும். கனடா பாக்கெட் கணக்குல அது 20 பாக்கெட். சூட்டுல எவ்வளவு வீணாச்சு, வெண்ணெய்ல எவ்வளவு இறங்குச்சுன்னு அளக்க வீட்டுல கருவி கிடையாது. மாவுல சரியாக் கலக்கலைன்னா ஒரு மூலைத் துண்டுல ஒண்ணும் இருக்காது, பக்கத்துத் துண்டுல மூணு மடங்கு இருக்கும். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஃப்ரிட்ஜைத் திறக்கிற குழந்தைக்கு அது வெறும் கேக். கனடாவுல இந்தத் தின்பண்டங்களை அனுமதிச்ச மாகாணங்கள்ல கஞ்சா விஷமாகி ஆஸ்பத்திரியில சேர்ந்த குழந்தைங்க எண்ணிக்கை, சாக்லேட், மிட்டாய் வகையை அனுமதிக்காத கியூபெக்கைவிட அதிகமா ஏறுச்சு.

இந்தியாவுல சட்டம் வேற. 1985ல வந்த என்.டி.பி.எஸ். சட்டத்துல ‘கஞ்சா’ங்கிறது செடியோட பூ, காய் இருக்கிற நுனிப்பகுதி. தனியா இருக்கிற இலையும் விதையும் அதுல வராது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான்ல லைசென்ஸ் வாங்கின பாங் கடைங்க நடக்கிறது அதனாலதான். “அப்போ பிரவுனியும் பாங் மாதிரிதானே?”ன்னு கேட்டா, இல்ல. பூவையோ பிசினையோ எதுல கலந்தாலும் அந்தக் கலவையும் சட்டத்துக்குள்ள வருது. ‘சிறிய அளவு’ன்னு சொல்ற ஒரு கிலோ வரைக்குமான கஞ்சாவுக்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

நான் யாருக்கும் ரெசிபி சொல்லல, உபதேசமும் பண்ணல. ஒரு ஃப்ரெண்டு தெரிஞ்சோ தெரியாமலோ இதைச் சாப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ரெண்டாவது துண்டைக் கொடுக்காதீங்க. மதுவைக் கலக்காதீங்க. வண்டிச் சாவியை வாங்கி வைங்க. அமைதியான இடத்துல கூடவே இருங்க. எழுப்பினா எழலை, மூச்சு சரியில்ல, நெஞ்சு வலி, தொடர் வாந்தி, இல்ல சாப்பிட்டது ஒரு குழந்தைன்னா யோசிக்காம இந்தியாவுல 108, கனடாவுல 911. என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அவர் சரியா மருந்து கொடுக்க அது வேணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.