ஓட்டினாத்தான் லாபம்!

'பெட்ரோல் விக்கிற விலைக்கு எலெக்ட்ரிக் கார்தான் பெஸ்ட் மச்சி!' என்று கேன்டீனில் அடித்துவிடுபவரா நீங்கள்? வாங்க, ஒரு கணக்கு போடுவோம்.

2022-ல் எலெக்ட்ரிக் டாடா டியாகோ வந்தபோது ஆரம்ப விலை 8.49 லட்சம். பெட்ரோல் டியாகோவைவிட சுமார் 3 லட்சம் அதிகம். கிலோமீட்டருக்கு பெட்ரோல் 6 ரூபாய், வீட்டு கரன்ட் 1 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 60,000 கி.மீ. ஓடினால்தான் அந்தப் பணம் திரும்பும். தினம் 20 கி.மீ. காலேஜ் போய்வர மட்டும்னா, 8 வருஷத்துக்கு மேல் ஆகும். பேட்டரி வாரன்டியே 8 வருஷம்தான்! தினம் 150 கி.மீ. ஓடும் டாக்ஸிக்கு 400 நாள் போதும்.

சுற்றுச்சூழல் கணக்கும் இதே கதைதான். பேட்டரி தயாரிக்கும்போதே ஏகப்பட்ட கார்பன் வெளியேறிடுது. நம்ம நாட்டு கரன்ட்டும் பெரும்பாலும் நிலக்கரியில் வருது. ஓட ஓடத்தான் அந்தக் கடன் அடையும். ஷெட்டில் சும்மா நிற்கிற எலெக்ட்ரிக் கார் பர்ஸுக்கும் பாரம், பூமிக்கும் பாரம்.

தினம் 20 கி.மீ.தானா? பஸ் பாஸே போதும் பாஸ்!