பூச்சிநாசினியும் வீட்டுப் பாதுகாப்பும்

கமக்காரரே! பயிரைக் காக்கும் பூச்சிநாசினி, வீட்டில் தகாத இடத்தில் இருக்குமாயின் உயிரைப் போக்கிவிடும். மீதி மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பேராபத்தானது; அதனைக் காணும் சிறுபிள்ளை குடிபானமென்றே எண்ணும். ஆதலின் பின்வருவனவற்றைத் தவறாது கைக்கொள்ளுங்கள்.

1. மருந்தை அதற்குரிய போத்தலிலேயே, பெயர்ச்சீட்டுடன், பெட்டியொன்றில் வைத்துப் பூட்டுங்கள். அடுக்களையிலும் நெல் மூடைகளின் அருகிலும் வைத்தலாகாது.

2. மருந்தளந்த பாத்திரத்தை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுங்கள். பின்னர் எவரும் எடுத்தாளாதபடி போத்தலைத் துளைத்துவிடுங்கள்.

3. மருந்து கலந்த விதையை உண்ணவோ கோழிக்கு இடவோ கூடாது.

4. இறுதியாக மருந்து தெளித்தபின், பெயர்ச்சீட்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் கத்தரி, மிளகாய், போஞ்சி முதலியவற்றைப் பறியாதீர்கள். செடியினுள் ஊடுருவும் மருந்தைக் கழுவி நீக்க இயலாது.

மருந்து தெளித்தவருக்கு வாந்தி, வயிற்றோட்டம் ஏற்படின் உணவுக் கோளாறென்று வாளாவிருத்தலாகாது. மிகுந்த வியர்வை, வாய்நீர் வடிதல், கண்மணி சுருங்குதல் ஆகியன நஞ்சேறியமைக்கு அறிகுறிகளாம். நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மருந்தை விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் போன்ற திரவத்திற் கரைத்த மருந்தாயின் அது நுரையீரலினுட் புகுந்துவிடும். உடனே 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்சு வண்டியை வரவழையுங்கள். பெயர்ச்சீட்டுள்ள போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்நஞ்சென்று அறிந்தாலன்றி வைத்தியர் தக்க மாற்றுமருந்தைத் தெரிந்தெடுத்தல் அரிது.