வலிக்கும் விரல்களுக்கு ஒரு காய்கறி சீவி

முடக்குவாதத்திற்காகப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "வீட்டில் காய் நறுக்க முடிகிறதா?" என்பது. மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையைப் போலவே அவர்களது விடையும் சொல்லிவிடும். காலையில் விரல் மூட்டுகள் விறைத்திருக்கும்போது ஒரு பீட்ரூட்டை நறுக்குவது எளிதன்று. நறுக்க முடியாதவர்கள் முதலில் கைவிடுவது சமையலை அன்று, காய்கறியை. சோறு, ரசம், ஊறுகாய் என்று நாள்கள் கழியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காய்கறி சீவியைப் பற்றி ஒரு மருத்துவர் எழுத நேர்வது இதனால்தான்.

கடையில் 'ஸ்லைசர்', 'சாப்பர்' என்ற பெயர்களில் கிடைப்பவை யாவும் எல்லாக் கைகளுக்கும் ஏற்றவை அல்ல. மூடியை அழுத்திக் காயைச் சதுரத் துண்டுகளாக்கும் பெட்டியை இயக்க உள்ளங்கையின் முழு வலிமையும் வேண்டும். மணிக்கட்டில் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நலம். கயிற்றை இழுத்துச் சுழற்றும் கிண்ணம் வெங்காயத்திற்கு நன்று. ஆயினும் இரண்டு விரல்களை மட்டும் மாட்டி வெடுக்கென்று இழுப்பது வீங்கிய மூட்டுகளுக்குத் தண்டனை. கைப்பிடியைச் சுற்றி இயக்கும் உருளை வகையையே நான் விரும்புகிறேன். அதில் வேலை விரல்களிலிருந்து தோளுக்கு மாறுகிறது. அதன் உறிஞ்சு அடிப்பாகம் வழவழப்பான மேடையில்தான் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

எல்லாவற்றிலும் விலை குறைந்தது தட்டையான சீவுபலகை. கூர்மையாக இருந்தால் சிறு விசையே போதும். ஆனால், விரல்நுனியைச் சீவக்கூடியதும் அதுவே. வாங்கும்போது பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். அலகு ஆடக்கூடாது. காயைக் குத்திப் பிடிக்கும் முட்களுடன் கைக்காப்பு கட்டாயம் இருக்க வேண்டும். பொருட்காட்சியில் விற்பவர் வெறுங்கையால் மின்னல் வேகத்தில் கேரட் சீவிக் காட்டுவார். அவர் அதையே நாள் முழுதும் செய்பவர். நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

மேசையருகே அமர்ந்து, பலகையின் அடியில் ஈரத்துணியை விரித்துக்கொள்ளுங்கள். கையும் காயும் உலர்ந்திருக்கட்டும். உருளைக்கிழங்கு, பீட்ரூட் போன்றவற்றை முதலில் கத்தியால் இரண்டாக்கி, தட்டையான பக்கத்தைப் பலகையில் வைத்தால் உருளாது. முட்கள் பற்ற இயலாத அளவுக்குக் காய் சிறுத்தவுடன் நிறுத்திவிடுங்கள். அந்த எஞ்சிய துண்டை வீணாக்க மனமில்லாமல் இன்னும் இரண்டு முறை தேய்க்கும்போதுதான் விரல் போகிறது. அதைச் சாம்பாரில் அப்படியே போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வெண்டைக்காயும் பீன்ஸும் சீவிக்கு உரியவை அல்ல. அவற்றை வீட்டிலுள்ள மற்றொருவர் நறுக்கித் தரட்டும்.

நீரிழிவினால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களும், பார்வை மங்கியவர்களும் தட்டைச் சீவியைத் தாமே பயன்படுத்த வேண்டாம். வெட்டுப்பட்டது தெரியாமலேயே அவர்கள் வேலையைத் தொடரக்கூடும். வார்ஃபாரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் நிற்க நேரமாகும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையிடையே திறந்து பார்க்காதீர்கள். காப்பித்தூளோ மஞ்சள்தூளோ வைக்க வேண்டாம். அதன் பிறகும் இரத்தம் வழிந்தாலோ, விரல்நுனி துண்டாகியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுவர வேண்டும். துண்டு பனிக்கட்டியை நேரே தொடக்கூடாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து எடுப்பவர்கள், காயம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ காத்திராமல் வந்து காட்டுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவது கூடாது.

சீவியைச் சோப்பு நீரில் மூழ்கவிட்டுப் பிறகு கைவிட்டுத் தேடாதீர்கள். பழைய பல்துலக்கியால் அலகின் பின்புறத்திலிருந்து விளிம்பை நோக்கித் தேய்த்து, உலர்த்தி, உறையிலிட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தக்காளியின் தோலில் வழுக்கினால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய அலகு கூடுதல் விசை கேட்கும், வலிக்கும் கைக்கு அது ஆகாது. அத்தகைய சீவியைக் கழிக்கும்போது அலகைத் தடித்த அட்டையில் சுற்றி ஒட்டி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.